டிராவல் நர்ஸுக்கு வீடு விடலாமா? முதலில் காலி மாதங்களை எண்ணுங்கள்

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறோம். போன மாதம் சுகர்லாண்டில் புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். மெடிக்கல் சென்டர் பக்கம், பிரேஸ்வுட்டில் நாங்கள் இருந்த இரண்டு பெட்ரூம் காண்டோ (அடுக்குமாடி வீடு) இப்போது காலி. வருட லீஸுக்கு விட்டால் மாதம் 1,900 டாலர் வரும் என்கிறார்கள். என் கணவரின் நண்பர், சாமான் போட்டு, சில மாத ஒப்பந்தத்தில் ஊர் ஊராக வேலைக்கு வரும் டிராவல் நர்ஸ்களுக்கு விட்டால் 2,900 வாங்கலாம், தொந்தரவே இருக்காது என்கிறார். விடலாமா? பெண்கள் மட்டும், இந்தியர்களாக இருந்தால் நல்லது, வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது என்று விளம்பரத்தில் போடலாமா? அடுத்த வருடம் கோயம்புத்தூரிலிருந்து அப்பா அம்மா வரும்போது மூன்று மாதம் அவர்களை அந்தக் காண்டோவில் தங்கவைக்கலாம் என்றும் யோசனை. கணவருக்கு எச்1பி வேலை விசா, எனக்கு எச்4 துணைவர் விசா, கூடவே இஏடி என்ற வேலை அனுமதி அட்டை. (சுகர்லாண்ட் வாசகி)

பதில்: நண்பர் சொன்ன 2,900 பொய்யில்லை. ஆனால் அது ஆள் இருக்கும் மாதத்தின் கணக்கு. காலியாகக் கிடந்த மாதத்தைப் பற்றி யாரும் பாட்லக் விருந்தில் வந்து பேசுவதில்லை, அதனால் முதலில் அதைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

வருட லீஸ் என்றால் 12 மாதத்துக்கு 22,800 டாலர். கரண்ட் பில்லும் இன்டர்நெட்டும் குடியிருப்பவர் பொறுப்பு. டிராவல் நர்ஸுக்கு விட்டால் எல்லாம் உங்கள் பொறுப்பு, ஏனென்றால் இரண்டு பெட்டியோடு வந்து மூன்று மாதத்தில் கிளம்புகிறவர் தன் பெயரில் கரண்ட் கனெக்‌ஷன் எடுக்கப் போவதில்லை. கரண்ட், தண்ணீர், இன்டர்நெட் சேர்த்து மாதம் 300 என்று வையுங்கள், வருடத்துக்கு 3,600. வருடத்தில் நாலு தடவை ஆள் மாறி, ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்ய 200 கொடுத்தால் 800. கட்டில், மெத்தை, சோபா, டிவி, பாத்திரம் பண்டம் எல்லாம் 8,000க்குள் முடித்து, அது ஐந்து வருடம் உழைக்கும் என்று எடுத்துக்கொண்டால் வருடத்துக்கு 1,600. மொத்தம் 6,000 டாலர் கூடுதல் செலவு. ஆக வருட லீஸுக்குச் சமமாக வருவதற்கே 28,800 வசூலாக வேண்டும், 2,900 வீதம் பார்த்தால் அது கிட்டத்தட்ட 10 மாத வாடகை. 11 மாதம் ஆள் இருந்தால் உங்களுக்கு 3,100 மிச்சம், 9 மாதம்தான் இருந்தார்கள் என்றால் 2,700 கையை விட்டுப் போகும். வருட லீஸிலும் ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி கிடக்கும்தான், ஆனால் அது இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, இங்கே 13 வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் பயம்.

அந்த 13 வாரம்தான் இந்தத் தொழிலின் அளவு. டிராவல் நர்ஸ் ஆஸ்பத்திரியின் நிரந்தர ஊழியர் கிடையாது. ஏஜென்சி மூலம் வருகிறார், ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம், பிடித்திருந்தால் நீட்டிப்பார்கள். சம்பளத்தின் ஒரு பகுதி தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் என்று வரியில்லாப் படியாக வரும். அந்தப் படிக்கு வரி விழாமல் இருக்க அவருக்குச் சொந்த ஊரில் செலவோடு ஒரு வீடு இருக்க வேண்டும், இங்கேயும் வாடகை கொடுத்துத் தங்கியிருக்க வேண்டும். அதனால் முகவரியோடு கையெழுத்துப் போட்ட லீஸும் மாதாமாதம் ரசீதும் கேட்பார், தயங்காமல் கொடுங்கள். ஒரே ஊரில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்யப்போகிறார் என்று ஆகிவிட்டால், வரித் துறையான ஐஆர்எஸ் அதைத் தற்காலிக வேலையாகப் பார்க்காது, படிக்கு வரி வந்துவிடும். ஆகவே எவ்வளவு நல்ல ஆள் அமைந்தாலும் வருடம் முடிவதற்குள் கிளம்பிவிடுவார். வாடகையை விடக் கூட்டி ரசீது கொடுங்கள் என்று ஒருவர் கேட்டால் மட்டும் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. நண்பர் இந்தத் தொழிலுக்கு எப்போது வந்தார் என்று விசாரியுங்கள். கோவிட் சமயத்தில், 2020லிருந்து 2022 வரை, டிராவல் நர்ஸ் சம்பளம் எங்கேயோ போனது, வீட்டு வாடகையும் கூடவே ஏறியது. அப்புறம் ஆஸ்பத்திரிகள் ஒப்பந்த நர்ஸ்களைக் குறைத்தன, சம்பளமும் இறங்கியது. ஆனால் அந்த ரெண்டு வருடத்தைப் பார்த்து வீடு வாங்கி சோபா போட்டவர்கள் எல்லாரும் இன்னும் களத்தில்தான் இருக்கிறார்கள். இப்படிச் சாமானோடு விடும் வீடுகளுக்கான ஃபர்னிஷ்டு ஃபைண்டர் தளத்தில் மெடிக்கல் சென்டர் என்று தேடி, உங்கள் காண்டோவைப் போலவே இரண்டு பெட்ரூம் எத்தனை இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து காலி என்று பாருங்கள். போன வாரத் தேதி போட்டு நிறைய கிடக்கிறதென்றால் 2,900 நடக்காது, 2,500க்குப் பழைய கணக்கையே திரும்பப் போடுங்கள், ஏறத்தாழ பதினொன்றரை மாதம் ஆள் இருந்தால்தான் சமமாகும்.

சரி, பயமுறுத்தினது போதும். இடம் உங்களுக்குச் சாதகம். இதே வீடு தூரத்துப் புறநகரான கேட்டியிலோ சைப்ரஸிலோ இருந்திருந்தால் யோசிக்காமல் வருட லீஸுக்குப் போங்கள் என்று சொல்லியிருப்பேன். டெக்சஸ் மெடிக்கல் சென்டர் உலகத்திலேயே பெரிய மருத்துவ வளாகம். எம்.டி. ஆண்டர்சன், ஹூஸ்டன் மெதடிஸ்ட், டெக்சஸ் சில்ட்ரன்ஸ், மெமோரியல் ஹெர்மன், பென் டாப் எல்லாம் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. 12 மணி நேர ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு அதற்கு மேல் ஒரு மணி நேரம் டிராபிக்கில் நிற்கத் தெம்பு இருக்காது. உங்கள் காண்டோவிலிருந்து மெட்ரோ ரயில் ரெட் லைன் ஸ்டேஷனுக்கு நடந்து போக எத்தனை நிமிடம் என்று விளம்பரத்தின் முதல் வரியிலேயே போடுங்கள். அந்த வளாகத்தில் கார் நிறுத்துவது எவ்வளவு பெரிய தலைவலி என்பது அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

நர்ஸ் நர்ஸ் என்று அவர்களை மட்டுமே நம்பி இருக்கவும் வேண்டாம். எம்.டி. ஆண்டர்சனுக்கு ரேடியேஷனுக்காக வெளியூரிலிருந்து வரும் நோயாளியும் கூட வரும் மகனோ மனைவியோ வாரக்கணக்கில் தங்க வேண்டியிருக்கும், ஓட்டல் கட்டுப்படியாகாது, சமையலறை வேண்டும். பிசியோதெரபிஸ்ட், எக்ஸ்ரே டெக்னீஷியன், தற்காலிகமாக வரும் டாக்டர்கள் எல்லாரும் இதே மாதிரிதான் வீடு தேடுகிறார்கள். இடைவெளி மாதத்தை நிரப்புவது பெரும்பாலும் இவர்கள்தான். விளம்பரத் தலைப்பில் ‘நர்ஸ்’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் போட்டு இவர்களை விரட்டாதீர்கள்.

இப்போது எச்.ஓ.ஏ., அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம் பற்றி. நீங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஹூஸ்டனில் மற்ற ஊர்களைப் போல எந்த இடத்தில் என்ன நடத்தலாம் என்று சொல்லும் ஜோனிங் சட்டம் இல்லை, அதனால் இங்கே எல்லாம் நடக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். நகரம் கேட்காததை எல்லாம் இங்கே உங்கள் சங்கத்தின் விதிப் புத்தகம் கேட்கும். பல காண்டோ சங்கங்களில் குறைந்தபட்சம் 6 மாத லீஸ் அல்லது 12 மாத லீஸ் என்று எழுதிவைத்திருப்பார்கள், சில இடங்களில் மொத்தம் இத்தனை வீடுதான் வாடகைக்கு விடலாம் என்று உச்சவரம்பும் இருக்கும். 13 வார லீஸ் அதில் அடிபட்டுப் போகும். ‘பக்கத்து பிளாக்கில் ஒருவர் விடுகிறாரே’ என்பது பதில் ஆகாது, அவர் மேல் இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். குறைந்தபட்ச லீஸ் காலம் என்னவென்று மேனேஜ்மென்ட் கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் யாரோ சொன்னது எதற்கும் உதவாது. பதில் வரும் வரை ஒரு ஸ்பூன்கூட வாங்க வேண்டாம்.

மார்ட்கேஜ் பத்திரத்தில் முதல் 12 மாதம் நீங்களே குடியிருக்க வேண்டும் என்று இருந்திருக்கும், அதை நீங்கள் எப்போதோ தாண்டியிருப்பீர்கள். சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்கும் ஹோம்ஸ்டெட் வரிச் சலுகை இனி சுகர்லாண்ட் வீட்டுக்குத்தான், காண்டோவுக்குத் தொடர்ந்தால் விட்டுப்போன வரியைப் பிறகு கேட்பார்கள். இன்சூரன்ஸை மறக்காதீர்கள். நீங்கள் குடியிருந்தபோது எடுத்த பாலிசி வாடகை வீட்டுக்குப் பொருந்தாது, சாமானோடு மூன்று மாதம் மூன்று மாதமாக விடுகிறேன் என்று ஏஜென்டிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி வேறு பாலிசி மாற்றுங்கள். பிரேஸ் பாயூ ஓடை பக்கத்தில் இருப்பதால் வெள்ளத்துக்குத் தனி பாலிசி, அதற்கு வழக்கமாக 30 நாள் காத்திருப்பு உண்டு, ஜூன் மாதம் டிவியில் புயல் வரைபடம் பார்த்துவிட்டு எடுக்க முடியாது.

30 நாள் என்ற கோட்டுக்கு இங்கே பெரிய மதிப்பு. அதற்குக் குறைந்தால் ஹூஸ்டனில் ஓட்டல் வரி மாநிலம், நகரம், கவுன்டி எல்லாம் சேர்த்து 17 சதவீதம், நகரத்தின் புதிய குறுகிய கால வாடகைப் பதிவும் தலையில் விழும். லீஸிலேயே 30 நாளுக்கு மேல் என்று எழுதிவிட்டால் இரண்டும் இல்லை. ‘பத்து நாள் மட்டும் தாருங்கள்’ என்று இடைவெளியில் ஒருவர் வந்து நின்றால் ஆசைப்படாதீர்கள்.

விளம்பரத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியபடி போடவே கூடாது. 1968லிருந்து நடைமுறையில் இருக்கும் ஃபேர் ஹவுசிங் சட்டப்படி இனம், நிறம், மதம், பூர்வீக நாடு, பாலினம், உடல் ஊனம், குழந்தைகள் இருப்பது, இவற்றை வைத்து ஆள் எடுக்கவும் கூடாது, அப்படி விருப்பம் காட்டி விளம்பரம் செய்யவும் கூடாது. ‘இந்தியர்கள்’ என்பது நேரடியாக அதில் மாட்டும். ‘பெண்கள் மட்டும்’ என்பது, நீங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே ஒரு அறையை விட்டு, சமையலறையும் பாத்ரூமும் பொதுவாக இருந்தால் போடலாம், தனிக் காண்டோவுக்குப் போடக் கூடாது. அசைவம் சமைக்கக் கூடாது என்பதைச் சட்டம் பெயர் சொல்லித் தடுக்கவில்லை, ஆனால் ‘இந்தியர்கள்’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் அது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு, பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து கோழி வறுக்கிறவரை நீங்கள் எப்படிக் கண்காணிக்கப் போகிறீர்கள்? நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள், உங்கள் பழைய குக்கர், தோசைக்கல்லை எல்லாம் சுகர்லாண்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள், அங்கே புதுப் பாத்திரம் வாங்கி வையுங்கள். அந்த வீட்டை இனி உங்கள் வீடாக நினைத்தால் தினமும் மனக்கஷ்டம்தான். உணர்ச்சி உதவிக்கு என்று டாக்டர் கடிதத்தோடு நாய் வந்தால் அதையும் செல்லப்பிராணியாகக் கருதித் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது, இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வேலையை வைத்து ஆள் எடுக்கலாம், வருமானத்தையும் பழைய வாடகை வரலாற்றையும் பார்க்கலாம். யாராக இருந்தாலும் ஒரே அளவுகோல், அதை எழுதிவைத்து விண்ணப்பத்தோடு கொடுத்துவிடுங்கள், டெக்சஸ் சட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது.

ஆளைச் சரிபார்ப்பதில் மட்டும் சோம்பல் படாதீர்கள், ஏனென்றால் இந்தத் தொழிலில் ஏமாறுகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். மெயில் கிட்டத்தட்ட இப்படித்தான் வரும்: ‘நான் இப்போது வெளிநாட்டில் பயிற்சியில் இருக்கிறேன், வீட்டைப் பார்க்கத் தேவையில்லை, படங்களே போதும், என் ஏஜென்சி உங்களுக்கு நேராக செக் அனுப்பும், அதில் என் காரையும் சாமான்களையும் கொண்டுவருகிறவருக்கான பணமும் சேர்ந்திருக்கும், நீங்கள் வாடகையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.’ செக்கும் வரும், கூரியரில், அச்சு அசலாக, பேங்கே கொடுப்பது போன்ற கேஷியர்ஸ் செக். பேங்கில் போட்டால் இரண்டு நாளில் உங்கள் கணக்கில் பணம் ஏறியதாகவே காட்டும். நீங்கள் மிச்சத்தை அனுப்பிவிடுவீர்கள். அதற்கப்புறம் ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து அது போலி என்று பேங்க் முழுத் தொகையையும் திரும்ப எடுத்துக்கொள்ளும், அனுப்பினது போனது போனதுதான். எந்த உண்மையான நர்ஸும் உங்களிடம் அதிகப் பணம் கொடுத்து மிச்சம் கேட்க மாட்டார். அந்த வாசகம் எங்கே வந்தாலும் பதில்கூடப் போட வேண்டாம்.

நிஜமான ஆள் என்றால் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். பார்க்கிங் எங்கே, வாஷர் டிரையர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா, ராத்திரி ஏழரைக்கு வந்து இறங்கினால் அந்த இடத்தில் வெளிச்சம் இருக்குமா, வீடியோவில் வீட்டைக் காட்ட முடியுமா என்று கேட்பார். அவருக்கும் உங்கள் மேல் சந்தேகம் உண்டு, போலி விளம்பரத்தில் அட்வான்ஸ் கட்டி ஏமாந்த நர்ஸ்கள் நிறைய. ஆகவே வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள், அதே காலில் நீங்களும் அவர் முகத்தைப் பார்த்துவிடலாம். ஒப்பந்தத்தின் பிரதியைக் கேளுங்கள், சம்பளத்தை மறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை, ஆஸ்பத்திரி, தேதி, ஏஜென்சி தெரிந்தால் போதும். அவர் கொடுக்கும் நம்பருக்குப் போன் பண்ணாதீர்கள், ஏஜென்சியின் வெப்சைட்டில் இருக்கும் பொது நம்பருக்கு அழைத்து ரிக்ரூட்டர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் நர்சிஸ் என்ற தளத்தில் அவருடைய லைசென்ஸை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம், பெயரும் மாநிலமும் நிலவரமும் வந்துவிடும். டெக்சஸ் நர்ஸ் லைசென்ஸ் கூட்டமைப்பில் இருப்பதால் அவர் வேறு மாநில லைசென்ஸில் வந்திருக்கலாம், டெக்சஸ் என்று இல்லையே என்று குழம்ப வேண்டாம். இத்தனைக்கும் மேல் வழக்கமான கிரெடிட், பின்னணிச் சோதனை. நர்ஸ் என்பதாலேயே அதைத் தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், தவிர்க்காதீர்கள்.

லீஸில் இரண்டு விஷயத்தை முதலிலேயே பேசிவிட வேண்டும். ஒன்று, ஆஸ்பத்திரி நடுவில் ஒப்பந்தத்தை ரத்து செய்தால் என்ன ஆகும் என்பது. அவர் கையில் ஒன்றும் இல்லை, திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை தகவல் வரும். முழு 13 வார வாடகையும் கொடுத்தே ஆக வேண்டும் என்று நீங்கள் நின்றால் அனுபவம் உள்ள நர்ஸ் உங்கள் வீட்டுப் பக்கமே வரமாட்டார். ஏஜென்சியின் ரத்துக் கடிதத்தைக் காட்டினால் 30 நாள் நோட்டீஸோடு போகலாம் என்று எழுதுங்கள், இரண்டு பக்கமும் வலி சமம். இன்னொன்று, நீட்டிப்பு. ஒன்பதாவது வாரம் நீங்கள் ‘தொடர்கிறீர்களா’ என்று மெசேஜ் போடுவீர்கள், ‘கேட்டிருக்கிறேன், மேனேஜர் இன்னும் சொல்லவில்லை’ என்று பதில் வரும். பத்தாவது வாரமும் அதே பதில். பதினொன்றாவது வாரம் வேறொருவர் உங்கள் வீட்டைக் கேட்பார், இவரை விடுவதா அவரை எடுப்பதா என்று நீங்கள் தவிப்பீர்கள். காலி மாதங்கள் உருவாவது இங்கேதான். அதனால், முடிவதற்கு 30 நாள் முன்னால் எழுத்தில் உறுதி சொல்லாவிட்டால் வீட்டை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று லீஸிலேயே இருக்கட்டும், அந்த நாள் வந்ததும் முகத்தாட்சண்யம் பார்க்காமல் விளம்பரத்தைத் திறந்துவிடுங்கள்.

கரண்டுக்கு ஒரு வரம்பு வையுங்கள், மாதம் இத்தனை டாலர் வரை என் பொறுப்பு, மேலே போனால் உங்கள் பொறுப்பு என்று. ஆகஸ்டில் ஏசியை 66 ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பகலில் தூங்குகிறவருக்கு அந்தக் குளிர் வேண்டும். ஆள் மாறிய ஏழு நாளுக்குள் பூட்டை மாற்ற வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம், நம்பர் போடும் பூட்டு என்றால் நம்பரை மாற்றினால் முடிந்தது. டெபாசிட்டை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிடித்தம் இருந்தால் பட்டியலோடு. அந்த இடம் மத்தியப் பேரிடர் துறையான ஃபெமாவின் வரைபடத்தில் நூறாண்டு வெள்ளப் பகுதியில் வருகிறதா, கடந்த ஐந்து வருடத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று லீஸ் போடும்போதே எழுத்தில் சொல்வது 2022 ஜனவரியிலிருந்து கட்டாயம். பக்கத்து மேயர்லாண்ட் 2015, 2016, 2017 என்று வரிசையாக மூன்று வருடம் மூழ்கிய பகுதி, இந்தத் தாளை விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்குள் என்ன போட வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பணம் வீணாவது அங்கேதான் என்பதால் சொல்கிறேன். சாப்பாட்டு மேஜைக்கு ஆறு நாற்காலி, சுவரில் தத்துவ வாசகம், கண்ணாடி டீப்பாய் எதுவும் வேண்டாம். பாதி பேர் நைட் ஷிப்ட், இரவு 7 மணிக்குப் போய்க் காலை 7 மணிக்கு முடித்து எட்டு மணிக்குப் படுக்கிறவர்கள். கிழக்குப் பார்த்த பெட்ரூம் ஜன்னலில் ஹூஸ்டன் வெயில் அந்த நேரத்தில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். சாதாரண பிளாக்அவுட் திரை போட்டால் இரண்டு ஓரத்திலும் ஒரு கோடு வெளிச்சம் கசியும், அந்தக் கோடு சரியாகத் தலையணையில் வந்து விழும். சுவரை நோக்கி வளைந்து முடியும் கம்பியாக வாங்கி, திரையை ஜன்னலை விட அரையடி அகலமாகப் போடுங்கள். பகல் பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு நீங்களே உள்ளே நின்று பாருங்கள், உங்கள் கை உங்களுக்குத் தெரியக் கூடாது. மெத்தையில் காசு பார்க்காதீர்கள். இலை ஊதும் மெஷினோடு தோட்டக்காரர்கள் எந்தக் கிழமை வருவார்கள் என்று எச்.ஓ.ஏ.விடம் கேட்டு, அதை வீட்டுக் குறிப்பில் எழுதி வையுங்கள். ரிப்பேருக்கு ஆள் அனுப்புவதென்றால் முதலில் ஷிப்ட் எது என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். இதெல்லாம் இருந்தால் அவரே அடுத்து வருகிற சக நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போவார், அதற்கு விளம்பரச் செலவு கிடையாது.

விசா விஷயத்தில் கவனம். எச்1பி இருப்பவர் வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவதில் தடையில்லை, வாடகை முதலீட்டு வருமானம். ஆனால் ஆள் மாறும்போதெல்லாம் போய்ப் பெருக்கித் துடைத்து, துணி மாற்றி, விளம்பரம் போட்டு, போன் எடுத்து என்று தினசரி நடத்த ஆரம்பித்தால் அது வேலை என்று பார்க்கப்பட இடம் இருக்கிறது. வருட லீஸில் இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது, மூன்று மாத லீஸில் எழும். உங்களிடம் இஏடி இருப்பது நல்லதாகப் போயிற்று, எச்4 இஏடியில் சொந்தத் தொழிலும் செய்யலாம், ஆகவே நடைமுறை வேலை எல்லாம் உங்கள் கையால், உங்கள் மெயிலிலிருந்து நடக்கட்டும். இஏடி காலாவதியாகும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். 2025 அக்டோபர் 30லிருந்து போடும் புதுப்பித்தல்களுக்குத் தானாகக் கிடைத்துவந்த நீட்டிப்பு இல்லை, புதிய அட்டை வராத இடைவெளியில் நீங்களும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். அந்த மாதங்களுக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு மேனேஜரை ஏற்பாடு செய்யலாம். (நான் அந்தத் தொழில்தான் செய்கிறேன், ஆகவே இந்த ஒரு யோசனையை மட்டும் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.) கிரீன் கார்டு வரிசையில் இருக்கிறீர்கள் என்றால் ஒரு இமிக்ரேஷன் வக்கீலுக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுப்பது நஷ்டமில்லை.

கடைசியாக அப்பா அம்மா. பெற்றவர்களைத் தங்கவைக்க அனுமதி எதுவும் வேண்டாம், உங்கள் வீடு. வரியில்தான் சிக்கல். வாடகை வீட்டை நீங்களோ உங்கள் நெருங்கிய சொந்தமோ வருடத்தில் 14 நாளுக்கு மேல், அல்லது வாடகைக்கு விட்ட நாட்களில் 10 சதவீதத்துக்கு மேல், இதில் எது அதிகமோ அதைத் தாண்டிச் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டால், அது பாதி வீடு பாதி வாடகை என்று ஆகி, வாடகை வருமானத்துக்கு மேல் செலவு காட்ட முடியாது. ஒன்பது மாதம், அதாவது ஏறத்தாழ 270 நாள், நர்ஸ்கள் இருந்தால் உங்கள் வரம்பு 27 நாள்தான். அப்பா அம்மா 90 நாள் இருந்தால் எங்கேயோ தாண்டிவிட்டது. வாடகை வாங்கிக்கொண்டால் சரியாகிவிடுமா என்றால், அந்தச் சொந்தக்காரருக்கு அதுதான் நிரந்தர வீடாக இருக்க வேண்டும், கோயம்புத்தூரில் வீடு வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அது பொருந்தாது. இரண்டு பேரும் நல்ல சம்பளம் வாங்கி, மொத்த வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டினால் வாடகை நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க எப்படியும் முடியாது, அது அடுத்த வருடங்களுக்குப் போய்ச் சேரும். சொந்த உபயோக விதியில் மாட்டினால் அப்படி அடுத்த வருடங்களுக்குப் போகும் நஷ்டக் கணக்கும் குழம்பும், சிபிஏவிடம் (வரிக் கணக்கரிடம்) ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் விடுங்கள், அமெரிக்கா வருகிற இரண்டு பெரியவர்களைக் கார் இல்லாமல் பிரேஸ்வுட்டில் தனியாக வைத்துவிட்டு நீங்கள் சுகர்லாண்டில் என்ன செய்யப் போகிறீர்கள்? புது வீட்டின் கீழ் அறையைக் கொடுங்கள். அவர்கள் வரும் மாதத்தில் காண்டோவில் எந்த நர்ஸும் காலி செய்யாதபடி லீஸ் தேதியைத் திட்டமிடுங்கள், ஏர்போர்ட்டுக்கு ஓட வேண்டிய அன்றைக்கு மெத்தை உறை மாற்றிக்கொண்டு நிற்க வேண்டாம்.